கயிற்றின் மறுமுனையிலும் ஓர் ஓட்டுநர்

கார்த்திகை பிறந்துவிட்டால் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கேரளத்தில் இருக்கும் எங்கள் குமுளிக்கு வேறு முகம் வந்துவிடும். சபரிமலை சீசனில் தமிழ்நாட்டிலிருந்து வரும் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக மேலே ஏற்றி, திரும்புகிறவற்றைக் குமுளி வழியாகக் கீழே இறக்கிவிடுவது வழக்கம். இறங்கும் மலைச்சாலை அடிவாரத்தில் உள்ள லோயர் கேம்ப் வரை ஆறு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தச் சின்னத் தூரத்தில்தான் பிரேக் கருகும் நாற்றமும், நான்கு இன்டிகேட்டரும் மினுக்க ஓரம் கட்டி நிற்கும் கார்களும். சீசன் இல்லாத நாட்களிலும், ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளுக்கு நடுவில் ஏதாவது ஒரு வண்டி மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்காத வாரம் இல்லை.

நான் குமுளியில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா கம்பத்திலிருந்து தோட்ட வேலைக்கு மேலே வந்தவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். நின்றுபோன வண்டியைப் பார்த்தால் இந்த ஊரில் யாரும் கண்டுகொள்ளாமல் போவதில்லை. ஜீப்பை நிறுத்துவார்கள், இருக்கைக்கு அடியிலிருந்து கயிற்றை எடுப்பார்கள், கட்டி இழுப்பார்கள். அந்த நல்ல மனதை நான் மதிக்கிறேன். அதனால்தான் அதைச் சட்டப்படியும் உயிருக்கு ஆபத்தில்லாமலும் செய்ய வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

எல்லை மெட்டுக்கு மேலே கேரளத்தில் ஒரு சட்டம், கீழே தமிழ்நாட்டில் ஒரு சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 118ஆம் பிரிவின் கீழ் சாலை விதிகளை வகுப்பது மத்திய அரசு. 1989இல் வந்த சாலை விதிகளில் வண்டி இழுப்பதற்கென்றே ஒரு விதி இருந்தது. 2017இல் அவற்றுக்குப் பதிலாக ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தபோதும் அதன் சாரம் மாறவில்லை. கேரளப் பதிவெண் என்றாலும் தமிழ்நாட்டுப் பதிவெண் என்றாலும் ஒன்றுதான்.

அந்த விதியில் முதன்மையாக நான் கருதுவது இழுக்கப்படும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையைப் பற்றியது. கயிறு கட்டி இழுக்கும்போது, அந்த வகை வண்டியை ஓட்ட உரிமம் உள்ள ஒருவர் அந்த இருக்கையில் இருந்தே ஆக வேண்டும். திசைதிருப்பும் சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி, கிரேன் போன்ற ஒன்றில் உறுதியாகத் தாங்கியிருந்தால் மட்டும் ஆள் தேவையில்லை. எஞ்சின் ஓடவில்லையே, ஸ்டியரிங்கை யார் பிடித்தால் என்ன என்று கேட்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். எஞ்சின் ஓடாததால்தான் அனுபவம் உள்ள ஆள் தேவை. பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்கும்படி துணை நிற்கும் வெற்றிட விசை எஞ்சினிலிருந்து கிடைப்பது. எஞ்சின் நின்றபின் இரண்டு மூன்று முறை மிதித்தால் அது தீர்ந்துவிடும். அதன்பிறகு பெடல் கல்லாகிவிடும், முழு உடல் பலத்தையும் போட்டு மிதிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் அப்படித்தான் இறுகும். அதைத் தெரியாதவர் முதல் வளைவிலேயே பதறிவிடுவார்.

ஒரு மாலை மாதா கோவில் வளைவுக்குச் சற்று மேலே ஒரு ஜீப், சின்ன கார் ஒன்றைத் தேங்காய்நார்க் கயிற்றில் கட்டி இறக்கத்தில் மெல்ல இழுத்துக்கொண்டு போனது. காரின் ஸ்டியரிங்கில் மீசை அரும்பாத பையன். பின்னிருக்கையில் அவன் அம்மா, மடியில் ஒரு குழந்தை. ஜீப் ஓட்டியவர் எனக்குப் பழக்கமானவர். கையைக் காட்டி நிறுத்தினேன்.

“அண்ணே, கீழே லோயர் கேம்ப் வரைக்கும்தானே, பையன் பிடித்துக்கொள்வான்” என்றார்.

“தம்பி, இறக்கத்தில் இந்தக் கயிறு எதை நிறுத்தும்?” என்று கேட்டேன்.

கயிறு இழுக்கத்தான் உதவும், தடுக்க உதவாது. ஏற்றத்தில் அது விறைப்பாக நிற்கும். இறக்கத்தில் தொய்ந்துவிடும். முன்னால் போகிற ஜீப் பிரேக் பிடித்தால், பின்னால் வரும் காரை நிறுத்தப்போவது அந்தக் கல் போன்ற பெடலும் அதை மிதிக்கிற காலும் மட்டுமே. அந்தக் கால் அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனுடையது. அதோடு அது ஆட்டோமேட்டிக் கியர் கார். அவ்வகைக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் ஓடினால்தான் கியர்பெட்டிக்குள் எண்ணெய் சுற்றும். எஞ்சினை நிறுத்திவிட்டு, இயக்கும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் கியர்பெட்டி உள்ளே தேய்ந்து கெட்டுப்போகும். சின்னக் கோளாறு பெரிய செலவாகும். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவரே பையனை இறங்கச் சொல்லிவிட்டார். ரெக்கவரி வண்டி வரும்வரை ஜீப்காரர் அங்கேயே நின்று, பின்னால் வந்த வண்டிகளை விலக்கி அனுப்பினார். அவர் நல்லவர் என்பதில் எனக்கு எப்போதுமே சந்தேகம் இருந்ததில்லை.

மின்சாரக் கார்களுக்கு இன்னும் கண்டிப்பு வேண்டும். சக்கரம் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுழலும் என்பதால், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தட்டையான லாரியில் ஏற்றிச் செல்லவே சொல்கிறார்கள். இப்போது மலைக்கு வரும் கார்களில் இவையும் கூடிவருகின்றன. கையேட்டை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மலையேறுங்கள்.

இனி அளவுகள். இழுக்கும் வண்டியின் பின்புறத்துக்கும் இழுக்கப்படும் வண்டியின் முன்புறத்துக்கும் இடையே எந்த நேரத்திலும் ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணில் எளிதாகப் படவேண்டும். பின்னால் உள்ள வண்டியின் முதுகில், வெள்ளைப் பின்னணியில், 75 மில்லிமீட்டருக்குக் குறையாத உயரமுள்ள கறுப்பு எழுத்துகளில் ‘ON TOW’ (ஆன் டோ, அதாவது இழுக்கப்படுகிறது) என்று ஆங்கிலத்தில் எழுதி மாட்ட வேண்டும். 1989 விதிப்படி வேக வரம்பு மணிக்கு 24 கிலோமீட்டராக இருந்தது. அந்த வேகத்தில் வண்டி விநாடிக்கு ஆறரை மீட்டருக்கும் மேல் நகரும். ஐந்து மீட்டர் இடைவெளியை அது ஒரு விநாடிக்குள் கடந்துவிடும். பின்னால் இருப்பவர் முன்வண்டியின் பிரேக் விளக்கிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

அப்படியானால் கயிற்றை நீளமாக விட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். நீளமாக விட்டால் இரண்டும் தனித்தனி வண்டிகள் என்று நினைத்து பைக்காரர் நடுவில் புகுந்துவிடுவார். சாயங்கால வெளிச்சத்தில் நைலான் கயிறு கண்ணுக்கே தெரியாது. கொண்டை ஊசி வளைவில் நீளக் கயிறு பின்வண்டியை உள்பக்கமாகச் சாய்த்து இழுக்கும். ஆகவே அந்த ஐந்து மீட்டரை நான் மிகச் சரியான அளவு என்றே நினைக்கிறேன். கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். வீட்டில் கிழிந்த துண்டு ஒன்று போதும்.

எங்கே வரை இழுக்கலாம் என்பதையும் விதி சொல்கிறது: பழுதான வண்டியைப் பக்கத்தில் உள்ள பழுதுபார்க்கும் இடம் அல்லது பெட்ரோல் பங்க் வரை. தேனியில் நமக்குத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார் என்பதற்காகக் குமுளியிலிருந்து கயிற்றிலேயே தேனி வரை போவதற்கு இடமில்லை. கம்பமே இருபது கிலோமீட்டருக்கு மேல்.

கட்டும் இடத்தைப் பற்றி ஒரு பட்டறைக்காரனாகச் சொல்கிறேன். பம்பரில் கட்டாதீர்கள், அடியில் கைக்கு எட்டும் ஏதோ ஒரு கம்பியிலும் கட்டாதீர்கள். பல கார்களில் ஜாக்கி வைத்திருக்கும் இடத்திலேயே இழுகொக்கி ஒன்று இருக்கும். பம்பரில் உள்ள சின்ன மூடியை நெம்பி எடுத்து, அதன் பின்னால் உள்ள துளையில் அதைத் திருக வேண்டும். சிலவற்றில் இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். சாவி ஆன் நிலையில் இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பேட்டரி முழுதாக இறங்கியிருந்தால் இன்டிகேட்டர்கள் மினுங்காது. பட்டன் ஸ்டார்ட் கார்களில் ஸ்டியரிங் பூட்டு விடுபடாமலும் போகலாம். அப்போது கயிற்றை எடுக்காதீர்கள், முதலில் வேறொரு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பட்டறைக்கு வரும் பாதி வண்டிகள் அதிலேயே கிளம்பிவிடுகின்றன.

அபராதம் பெரிய தொகை அல்ல. 118ஆம் பிரிவின் கீழ் வந்த ஒழுங்குமுறைகளை மீறினால் 2019 திருத்தத்தில் சேர்த்த 177அ பிரிவின்படி 500 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை. அதனால்தான் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் காப்பீட்டுத் தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள். வணிக வாகனங்களுக்கான வழக்கமான பாலிசியில், பழுதான ஒரு வண்டியை இழுத்துச் செல்லும்போதும் மூன்றாம் நபருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பொறுப்பு தொடரும் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு நிபந்தனை, கூலி வாங்காமல் இழுக்க வேண்டும் என்பது. இழுக்கப்பட்ட காருக்கு ஏற்படும் சேதத்தை அந்தப் பகுதி ஏற்காது.

எங்கள் ஊர் ஜீப்காரர்கள் எல்லோரிடமும் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நன்றிக்காக ஐந்நூறு ரூபாயை நீட்டுவார்கள். நீங்களும் மனம் நோகக் கூடாதே என்று வாங்கிக்கொள்வீர்கள். வழியில் யாராவது அந்தக் கயிற்றில் சிக்கி விழுந்தால், ‘கூலிக்கு இழுத்தார்’ என்ற ஒரு வரியே உங்கள் வீட்டைக் கடனில் தள்ளப் போதும். டீ வாங்கிக் கொடுத்தால் குடியுங்கள். பணத்தை வாங்காதீர்கள். உதவி பெறுகிறவர்களும் வற்புறுத்திக் கொடுக்காதீர்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். கேரளத்துக்குள் வர பெர்மிட் இல்லாத தமிழ்நாட்டுச் சரக்கு வண்டி, பழுதான காரை எடுக்க மெட்டு தாண்டி வரலாமா என்று கேட்கிறார்கள். பழுதான வண்டியை இழுத்துச் செல்லவோ அதிலிருக்கும் சரக்கைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றவோ பயன்படுத்தும் போக்குவரத்து வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவே விலக்கு அளிக்கிறது. சோதனையில் நிறுத்தினால் அமைதியாக அந்தப் பிரிவைச் சொல்லி, நின்ற காரின் ஆர்.சி.யைக் காட்டுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், குமுளி மலைச்சாலையின் இறக்கத்தில் கயிறே வேண்டாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை, நான் தடுப்பேன். வண்டி நின்றால் இயன்றவரை ஓரம் தள்ளுங்கள், சக்கரத்துக்குக் கல் வையுங்கள், சிவப்பு முக்கோணத்தை வளைவுக்கு முன்பே தெரியும்படி வையுங்கள், குழந்தைகளைச் சாலையின் மலைப்பக்கம் நிற்கவையுங்கள். பாதையை அடைத்து நின்றால் 112க்குச் சொல்லுங்கள். இடைஞ்சலாக நிற்கும் வண்டியை உடனே அகற்ற 127ஆம் பிரிவில் காவல் துறைக்கு அதிகாரம் உண்டு, செலவு வண்டிக்காரருடையது.

ரெக்கவரி வண்டி வந்ததும், ஏற்றும் முன்பே எந்த ஊர் வரை, எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். நிபந்தனைக்குள் வரும் விபத்துச் சேதம் என்றால், தனியார் காருக்கான வழக்கமான பாலிசியில் பக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகும் செலவுக்கு 1,500 ரூபாய் வரை கிடைக்கும். ரசீது கேட்டு வாங்குங்கள். வெறும் பழுது என்றால் சாலையோர உதவி சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். காரை ஏற்றும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய காருக்குள் யாரையும் உட்கார விடாதீர்கள், தூங்குகிற குழந்தையானாலும் எழுப்பி இறக்கிவிடுங்கள்.