3.2

ஆகஸ்ட் 4
கணினி நினைவகத்திலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்குத் தரவு போகும் வேகம், விநாடிக்கு 3.2 ஜிகாபைட். இரவு முழுக்க அதே எண். கொழும்பிலிருந்து அழைப்பு இல்லை.

ஆகஸ்ட் 5
கார்டை மதர்போர்ட்டோடு இணைக்கும் வழி பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0, 16 லேன், அதாவது 16 தரவுப் பாதை. கோட்பாட்டில் 15.75 வரவேண்டும். அவ்வளவு யாருக்கும் கிடைக்காது, தரவுப் பாக்கெட் ஒவ்வொன்றோடும் போகும் தலைப்புக் குறிப்புகளே ஒரு பங்கை விழுங்கிவிடும். 12 வந்தால் கும்பிட்டுவிட்டுப் படுப்பேன்.

கார்டின் நிலையைக் காட்டும் கருவி என்விடியா-எஸ்எம்ஐ, இணைப்பைத் தலைமுறை 1 என்று காட்டியது. நெஞ்சு பக்கென்றது. வேலை கொடுத்ததும் 3க்கு ஏறிவிட்டது. சும்மா இருந்தால் மின்சாரம் மிச்சம் பிடிக்க இறங்குமாம். சரி. ஆனால் லேன் அகலம் 4. வேலை கொடுத்தாலும் 4.

ஆகஸ்ட் 6
கரண்ட் இல்லை. “போன் வந்ததோ தம்பி?” என்று அம்மா குசினியிலிருந்தே கேட்கிறார். ஓயவே மாட்டார்.

ஆகஸ்ட் 8
மதர்போர்ட் கையேட்டின் அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில் இருக்கிறது: கார்டு செருகும் இரண்டாவது ஸ்லொட் நீளத்தில்தான் 16, உள்ளே 4 லேன், அதுவும் ப்ராசசருக்கு நேரே இல்லை, இடையில் இருக்கும் சிப்செட் வழியாக. 4 லேனுக்கு உச்சமே 3.94. அப்படியென்றால் 3.2 நேர்மையான எண். “காத்தோட்டத்துக்கு நல்லது அண்ணா” என்று சொல்லிக் கடைப் பெடியன் பூட்டித் தந்த இடம்.

ஆகஸ்ட் 9
மேல் ஸ்லொட்டுக்கு மாற்றினேன். பூட்டு நாக்கு கார்டுக்கு அடியில் மறைந்துவிட்டது, மரக்கரண்டிக் காம்பால் அமர்த்தித்தான் கழற்றினேன். இப்போது 6.1. இன்னும் பாதி எங்கே?

ஆகஸ்ட் 10
நினைவகம்! புரோகிராமில் வழக்கமாக நினைவகம் கேட்கும் மாலொக்கில் எடுத்த பக்கங்களை ஓஎஸ் எந்த நேரமும் இடம்மாற்றலாம், அதனால் கார்டு அவற்றை நேரே தொடாது. டிரைவர் முதலில் தன் பூட்டிய பஃபருக்கு, அதாவது ஓஎஸ் நகர்த்த முடியாத தற்காலிக இடத்துக்கு, பிரதி எடுத்து, பிறகுதான் அனுப்பும். வவுனியாவில் சாமானை இறக்கி வேறு லொறியில் ஏற்றுவதுபோல. நேரே பூட்டிய நினைவகமே தரும் குடாமாலொக்ஹோஸ்டில் எடுத்தேன்: 12.3. கார்டிலிருந்து திரும்பி வரும் வழி 12.8.

யாருக்குச் சொல்வது? அம்மாவுக்குச் சொன்னேன். “நல்லதுதானே” என்றார்.

ஆகஸ்ட் 11
4 கிலோபைட் துண்டுகளாக அனுப்பினால் எல்லாம் சுருண்டுவிடுகிறது. ஒவ்வொரு பிரதிக்கும் தொடக்கச் செலவே சில மைக்ரோவிநாடி. 4 கிலோபைட் கடக்க அரை மைக்ரோவிநாடிகூட வேண்டாம். 32 மெகாபைட்டில்தான் எண் நிலைக்கிறது. விளம்பரத்தில் போடும் வேகமெல்லாம் பெரிய பொட்டலத்துக்கு மட்டும்.

ஆகஸ்ட் 12
011 என்று தொடங்கும் தவறிய அழைப்பு, கொழும்பு எண். குளித்துக்கொண்டிருந்தேன். திரும்ப எடுத்தால் எடுப்பாரில்லை.

ஆகஸ்ட் 13
12.3. 12.3. 12.3.

ஆகஸ்ட் 14
நல்லூர்ப் பக்கம் வீதி மூடியிருக்கிறது, சுற்றித்தான் போய்வந்தேன். அங்கே கதைத்ததை இங்கே எழுத மனமில்லை.

லேனில் இரு திசைக்கும் தனித்தனிக் கம்பி. இரண்டு ஸ்ட்ரீம், அதாவது இரண்டு தனி வேலை வரிசை, போட்டால் போக்கும் வரவும் ஒன்றாக ஓடவேண்டும். கார்டில் தரவை நகர்த்தும் காப்பி என்ஜின் ஒன்றா இரண்டா என்று முதலில் பார்க்கவேண்டும்.