பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை

2025 ஜனவரி கடைசி வாரம். மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் ராத்திரி முழுக்க ஓடிய சாம்பிள் வரிசை காலையில் முடிந்திருந்தது. வரைபடத்தில் பீக் எல்லாம் ஊசி ஊசியாக நின்றன. எங்கள் லேபில் இது தீபாவளி மாதிரி, வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். அந்தச் சந்தோஷத்தில் ரிசல்ட்டை சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) எடுத்தேன், டபுள் கிளிக் செய்து எக்செல் ஷீட்டில் திறந்தேன், பீக் ஏரியாவுக்குச் சராசரியும், எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் ஆர்எஸ்டியும் போட்டு, தரத்துக்குப் பொறுப்பான கியூஏ மேடத்துக்கு மெயில் தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனேன். சாம்பிள் பெயர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

பத்து நிமிஷத்தில் மேடமே வந்துவிட்டார். அவர் மெயிலில் பதில் போட்டால் சின்னப் பிரச்சினை, நடந்து வந்தால் பெரிய பிரச்சினை.

"தம்பி, ஜனவரி 12 ஞாயிற்றுக்கிழமை. லேப் பூட்டியிருந்துச்சு. சாம்பிள் யார் எடுத்தது?"

"யாரும் வரலையே மேடம்."

"சரி, அதை விடுங்க. கீழ பிப்ரவரி 12னு ஒண்ணு இருக்கு. பிப்ரவரி இன்னும் பிறக்கவே இல்லையே?"

மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், தேதியில் கை வைப்பது கொலைக் குற்றத்துக்கு ஒரு படிதான் கீழே. காபி அப்படியே தொண்டையில் நின்றது.

விஷயம் இதுதான். ஸ்டெபிலிட்டியில், அதாவது மருந்து மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில், மூன்றாம் மாத சாம்பிளின் முதல் பாட்டிலுக்கு 3-1 என்று பெயர் வைப்போம். பன்னிரண்டாம் மாதம், இரண்டாவது பாட்டில் என்றால் 12-2. கருவி அதை அப்படியேதான் எழுதித் தந்திருக்கிறது. கோடு போட்ட இரண்டு எண்ணைப் பார்த்ததும் ஷீட்தான் யாரையும் கேட்காமல் அவற்றுக்கு நாள் குறித்துவிட்டது.

செல்லை டெக்ஸ்டாக மாற்றினால் பழையபடி வந்துவிடும் என்று மேடம் எதிரிலேயே மாற்றினேன். 12-2 இருந்த இடத்தில் 45700 வந்து நின்றது. என் சம்பளத்தைவிட அதிகம். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எண்ணிய நாள் கணக்காம். அதிலும் 1900 பிப்ரவரியில் இல்லாத 29-ஆம் தேதியையும் சேர்த்து எண்ணுகிறது!

கடைசியில் அசல் சிஎஸ்வியை நோட்பேடில் திறந்து 12-2-ஐக் காட்டிய பிறகுதான் மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். காலி ஷீட்டைத் திறந்து, இம்போர்ட் வழியாகப் போய், பெயர் வரும் வரிசையை டெக்ஸ்ட் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மார்ச்1, செப்ட்1 என்ற மனித ஜீன்கள் இதே மாதிரி தேதியாக மாறி மாறி, 2020-இல் அவற்றின் பெயரையே மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிவிட்டார்கள். ஜீன் விஞ்ஞானிகளே தோற்ற இடம்.

நானும் பெயரை மாற்றினேன். கோட்டை எடுத்துவிட்டு நடுவில் சாம்பிளை வைத்திருக்கும் சேம்பரின் எழுத்து. 3ஏ1, 12பி2. இனி எந்தக் காலண்டரும் கிட்டே வராது. இரண்டு வாரம் நிம்மதி.

அப்புறம் ஈ சேம்பரின் முறை வந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி பழக்க தோஷத்தில் சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணா, இந்தச் சாம்பிள் பேரு 1.20ஈ+03னு வருது. இது எந்த பேட்ச்?"

12ஈ2. நடுவில் ஈ வந்ததும் ஷீட் அதை 12-க்குப் பின்னால் இரண்டு சைபர், அதாவது 1200, என்று எண்ணாக எடுத்துக்கொண்டுவிட்டது. தூரத்தில் மேடம் எழுந்து நடந்து வந்துகொண்டிருந்தார்.