இளைப்பு உள்ள பிள்ளையைக் காட்டுக்குக் கூட்டிப் போவதற்கு முன்

1975-இல் வந்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் தி வில்டர்னஸ் ஃபேமிலி' படத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் குடும்பத்தோடு ராக்கி மலைக்குக் குடிபெயர்கிறார். மகள் ஜென்னிக்கு மூச்சுக் கோளாறு. நகரத்துக் காற்று அவளுக்கு ஆகவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க நல்ல படம். ஆனால் கோலாலம்பூரில் இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு, பார்த்து முடித்ததும் நாமும் வார இறுதியில் காட்டுப் பக்கம் போனால் என்ன என்று தோன்றிவிடும். வீட்டுப் பெரியவர்களும் "மலைக் காத்து பட்டா நெஞ்சு தெளிஞ்சிரும்" என்பார்கள். தாராளமாகப் போகலாம். ராக்கி மலைக் காற்று வேறு, நம் ஜண்டா பாயிக் காற்று வேறு என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ராக்கி மலை உயரமான, வறண்ட இடம். நம் பிள்ளைகளில் பலருக்கு இளைப்பைக் கிளப்பும் கண்ணுக்குத் தெரியாத தூசுப் பூச்சிகள், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கின்றன. ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் அவை செத்துப் போகும். நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மலை ஏறினாலும் இதே கதைதான். பிரேசர் மலையும் கேமரன் மலையும் குளிர்ச்சியானவை, ஆனால் மேகம் தொட்டு எப்போதும் நனைந்தே இருப்பவை. அங்கே குளிரும் உண்டு, பூஞ்சணமும் உண்டு.

இன்னொரு வித்தியாசம் புகை. லாஸ் ஏஞ்சலிஸ் புகை அந்த ஊர் வாகனங்கள் கக்கியது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அது தேங்கி நின்றது. ஊரை விட்டுப் போனவர் தப்பித்தார். நம் புகைமூட்டம் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரியும் கரிமண் நிலத்திலிருந்து வருகிறது. 2015-லும் 2019-லும் பார்த்தோமே, நகரம் காடு என்று பிரித்துப் பார்க்காமல் எல்லா இடத்தையும் மூடியது. கூடாரத் துணி நுண்துகளைத் தடுக்காது. அந்த நாட்களில் ஜன்னல் அடைத்த கொண்டோ அறையே பிள்ளைக்கு மேல். கிளம்பும் நாள் காலையில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டியிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், முன்பணம் போனாலும் பரவாயில்லை.

எங்கே படுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கூடாரம் வேண்டாம், சாலே (வாடகைக்கு விடும் சிறு வீடு) எடுப்போம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வாரக் கணக்கில் பூட்டிக் கிடந்த சாலேயின் பழைய மெத்தையைவிடச் சுத்தமான கூடாரமே நல்லது. சாலேதான் என்றால் காசு கட்டுவதற்கு முன் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போய் முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை அடித்தால் அந்த அறை வேண்டாம். மெத்தையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள், கூரை மூலையில் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தலையணையையும் விரிப்பையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், 60 டிகிரி சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப்போட்டதாக.

கூடாரத்துக்கு எதிரி, போன தடவை நனைந்தபடியே சுருட்டி ஸ்டோர் அறையில் போட்டது. இரண்டே நாளில் தையல் ஓரங்களில் பூஞ்சணம் பிடிக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பிரித்து, உட்புறத்தைத் தையல் தையலாகப் பாருங்கள். திரும்பி வந்ததும் ஐந்தடி பால்கனியாக இருந்தாலும் சரி, கொடியில் தொங்கவிட்டு மடிப்புகளை மாற்றிப் போட்டுக் காயவிடுங்கள். கறுப்புப் புள்ளி பரவிய கூடாரத்தைத் தேய்த்துக் கழுவினாலும் வாடை போகாது. இளைப்புள்ள பிள்ளையை அதில் படுக்க வைக்காதீர்கள்.

படத்தில் அழகாகத் தெரிகிற நெருப்புதான் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாதது. நம் காட்டு விறகு ஈரமாகத்தான் இருக்கும், எரிவதைவிடப் புகைவதே அதிகம். சமையலுக்கு கேஸ் அடுப்பு போதும், ஆனால் கூடாரத்துக்குள் பற்ற வைக்கக் கூடாது. கரி அடுப்பும் அப்படித்தான். இரண்டிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அதேபோல் கொசுவத்தி. 2003-இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வரும் என்று காட்டியது. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் வேண்டாம்.

இப்போது பம்ப், அதாவது இளைப்புக்கு வாயில் அடித்து இழுக்கும் மருந்துக் குப்பி. நீல நிற சால்புடமோல் பம்பில் பெரும்பாலும் 200 தடவை மருந்து இருக்கும். எண் காட்டும் மூடி இல்லாவிட்டால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் நம்பத் தக்கதல்ல. சந்தேகம் இருந்தால் புதிது வாங்குங்கள். இரண்டு பம்ப் வேண்டும்: ஒன்று பெரியவர் ஒருவரின் இடுப்புப் பையில், மற்றொன்று வேறொருவரிடம். மேசைமேல் வைத்த பையைக் குரங்கு தூக்கிப் போவது நம் முகாம்களில் சாதாரணம். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்காதீர்கள், 30 டிகிரிக்கு மேல் ஆகாது. சில நாள் பயன்படுத்தாத பம்பென்றால் முதலில் இரண்டு தடவை வெளியே அடித்துவிடுங்கள்.

பம்புக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் பிளாஸ்டிக் குழலான ஸ்பேசர் இல்லாமல் கிளம்பவே கூடாது. நேராக வாயில் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, மருந்து சுவரில் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் பம்பைக் குலுக்கி, ஒரு முறை அடித்து, பிள்ளை நான்கைந்து மூச்சு இழுத்த பிறகுதான் அடுத்தது. ஸ்பேசர் ஆற்றோடு போய்விட்டால் 500 மில்லி போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவு ஓட்டை போட்டு, போத்தல் வாய் வழியே இழுக்கச் சொல்லலாம்.

எத்தனை தடவை அடிப்பது என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கி, கூட வரும் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். பேசும்போது வாக்கியம் முடியாமல் மூச்சு வாங்குவது, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்ளே இழுப்பது, உதடு நீலம் பாய்வது, மருந்து போட்டும் நான்கு மணி நேரம் தாங்காமல் மறுபடி இழுப்பது, இவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான். அதனால் மருத்துவமனை அரை மணி நேரத்துக்குள் இருக்கும் தளமாகப் பாருங்கள். காரை முகப்பு வெளியே பார்க்க நிறுத்துங்கள். தொலைபேசி சமிக்ஞை எங்கே கிடைக்கிறது என்று பகலிலேயே நடந்து பார்த்துவிடுங்கள். அழைக்க வேண்டிய எண் 999.

இடத்தைப் பற்றி இரண்டே விஷயம். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி பத்தாங் காலியில் முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். நாள்கணக்காகப் பெய்த மழைதான் முக்கியக் காரணம் என்று விசாரணை சொன்னது. சரிவுக்கு அடியில் கூடாரம் போடாதீர்கள், தளத்துக்கு உரிமம் உண்டா என்று கேளுங்கள். இரண்டாவது, கெப்பாலா ஆயர். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் இறங்கும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் சாமானை விட்டுவிட்டு எல்லாரும் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு ஒரு மாதத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் இளைப்பின் தொடர்ச்சி என்று விட்டுவிடாதீர்கள். எலி மூத்திரம் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸாக இருக்கலாம். கிளினிக்கில் முதல் வார்த்தையாகவே ஆற்றில் குளித்தான் என்று சொல்லுங்கள், அதை அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.