தோட்டக் குப்பைக்குத் தீ வைக்காதீங்க

மாதவரம், செங்குன்றம் பக்கம் மாடு, தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு. தோட்டக் கழிவைத் தெருவில் கொட்டவும் எரிக்கவும் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே தடை. 2026 ஏப்ரலிலிருந்து குப்பையை நாலாப் பிரிக்கவும் வேண்டும். மக்க வைப்பதுதான் சுலபம்.

சருகு, வைக்கோல் மூணு கூடைக்குப் பச்சைச் சாணம் ஒரு கூடை. குவியல் மூணடி உயரமாவது வேணும், இல்லேன்னா சூடு ஏறாது. வாழைமட்டையை விரல் நீளத்துக்கு நறுக்குங்க. முழுசாப் போட்டா நார் நாரா அப்படியே கிடக்கும். பிடியளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வரணும்.

மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடியா? சாணம் அதிகம், சருகு சேருங்க. அழுகின முட்டை நாற்றம்னா காற்றில்லை, கிளறுங்க. ஐப்பசி மழையில் அடியில் தண்ணி தேங்கினா இதே கதிதான். செங்கல் அடுக்கி மேடாக்கி, மேலே தார்ப்பாய் போடுங்க.

பூச்சிமருந்து டப்பாவை இதில் போடவே கூடாது.