பாமோர் ஒருவழியாக எழும்பிவிட்டது

ஜாவாவின் சுரகர்த்தாவில் வாங்கிய பழைய கெரிஸில் (இந்தோனேசியக் குத்துவாள்) பாமோர், அதாவது அலகின் உலோக அடுக்குகள் காட்டும் வெள்ளைக் கோலம், தெரிந்துவிட்டது. பெராஸ் வுத்தா வகை. கறுத்த இரும்பின் மேல் அரிசியை வாரி இறைத்தாற்போல வெள்ளைப் புள்ளிகள். துருவோடு வந்தபோது விற்றவருக்கே இது தெரிந்திருக்காது!

புளித்த தேங்காய்த் தண்ணீரில் ஊறவைப்பது, எலுமிச்சையும் பூந்திக்கொட்டையும் போட்டு அலகு வெளுக்கும்வரை தேய்ப்பது எல்லாம் பொறுமை இருந்தால் போதும். உயிரை வாங்குவது வாரங்கான்தான். நம் மருந்துச் சரக்கில் மனோசிலை, அரிதாரம் என்போமே, அந்த ஆர்சனிக் வகையறா. எலுமிச்சைச் சாற்றில் கரைத்துப் பூசினால் இரும்பு கறுக்கும், நிக்கல் கலந்த அடுக்கு வெள்ளையாகவே நிற்கும். ஆனால் அலகில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அந்த இடம் மஞ்சள் திட்டாகிவிடும். கன்ஜா (அலகின் அடியில் பொருந்தும் தனித் துண்டு) பக்கத்தில், அந்த இடுக்கில், திரும்பத் திரும்ப இதே கதை. கடைசியில் பழைய பல் துலக்கும் பிரஷ்தான் கைகொடுத்தது: கொஞ்சமாகத் தொட்டுத் தேய்த்து, உடனே கழுவி, துடைத்து, வெயிலில் காட்டி, மறுபடியும். முதலில் அழுக்குச் சாம்பல், அப்புறம்தான் கறுப்பு. கையுறை இல்லாமல் யாரும் இறங்காதீர்கள், கழுவிய நீரைச் செடிக்கும் ஊற்றாதீர்கள்.

இணையத்தில் வாங்கிய வாரங்கான் பொடி சுத்த மோசம், நிறமே ஏறவில்லை. அதைவிட எரிச்சல், எதை எடுத்தாலும் "விண்கல் கெரிஸ்" என்று விலையை ஏற்றுவது. ஜாவாவின் பிரம்பானன் பக்கம் 18-ஆம் நூற்றாண்டில் கிடைத்த விண்கல் உண்மைதான், அதன் பெரிய துண்டு சுரகர்த்தா அரண்மனையில் இருக்கிறது. அரண்மனை எம்புக்கள் (கெரிஸ் செய்யும் கொல்லர்கள்) அதைப் பயன்படுத்தினார்கள். சந்தையில் கிடக்கும் அலகுக்கெல்லாம் அந்தக் கல் எங்கிருந்து வரும்? சுலவேசித் தீவின் லூவு பகுதி இரும்பிலும் நிக்கல் உண்டு, பாமோருக்கு அதுவும் பயன்பட்டது.

சந்தன எண்ணெய் பூசியாகிவிட்டது. கைப்பிடி இன்னும் மாட்டவில்லை, கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையில் வரும் மென்டாக் வளையம் தொலைந்து போய்த்தான் வந்தது. உறை விஷயத்தில் லாட்ராங் வடிவமா, காயாமான் வடிவமா என்று மனம் ஊசலாடுகிறது. யோக்யகர்த்தா பாணி பிராங்கா உறை அழகுதான், ஆனால் சுரகர்த்தா அலகுக்குப் பொருந்தாது. மதுரா தீவில் சுமெனெப் அருகே ஏங் தோங்-தோங் கிராமத்தில் இன்னும் எம்புக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வளையத்துக்கு அங்கேதான் ஆள் அனுப்ப வேண்டும்.

இதற்குள் ஒரு குஜாங் மீது (மேற்கு ஜாவாவின் சுண்டா மக்களுடைய வளைந்த கத்தி) கண் விழுந்துவிட்டது. சியுங் வகை, முதுகில் துளைகளோடு. மேற்கு ஜாவா மாகாணச் சின்னத்தில் இருக்கும் அதே வடிவம். கெரிஸ் அலகின் நெளிவு எண்ணிப் பழகியவனுக்கு இனித் துளை எண்ணும் வேலை. விலைதான் இன்னும் படியவில்லை.