ஏழாம் எண் சட்டை இருவருக்கு

வியாழக்கிழமை இரவு எட்டு மணி வாக்கில் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். "பலகை முடிந்ததா?" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. அனுப்புபவர் எங்கள் ஊர் வானொலி நிலையத்தின் விளையாட்டு வர்ணனையாளர். டாலஸிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் வரும் இந்த டெக்சாஸ் சிறுநகரத்தில், ஆகஸ்ட் கடைசி வாரம் தொடங்கி எங்கள் அணி தோற்று வெளியேறும் நாள் வரை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்தாட்டத்தை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வர்ணித்து வருகிறார். காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, பந்து யாரிடம் இருக்கிறது, அவரை மடக்கியவர் யார் என்று பலகையில் விரல் வைத்துக் காட்டுவது ஒன்பது பருவங்களாக என் வேலை. சம்பளம் கிடையாது, ஆட்டம் முடிந்ததும் நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தில் ஒரு பர்கர் உண்டு. ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு ஸ்பாட்டர் என்று பெயர். தமிழில் ஆள்காட்டி என்று சொல்லிக்கொள்கிறேன். வயலில் மனிதத் தலை தெரிந்ததும் கத்தித் தீர்க்கும் ஆள்காட்டிக் குருவியைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் அந்தப் பெயர் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. என்ன, ஒலிவாங்கி திறந்திருப்பதால் நான் கத்தக் கூடாது.

இந்த வேலைக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு விளம்பரத்தால். சிறுநகர வானொலியில் வர்ணனையாளர் என்பவர் வெள்ளிக்கிழமை இரவு மட்டும் வந்து பேசிவிட்டுப் போகிறவர் அல்லர். காலை ஆறு மணிக்கு உள்ளூர்ச் செய்தி வாசிப்பவரும், மாட்டுத்தீவனக் கடை, டிராக்டர் விற்பனையகம், சவ அடக்க நிலையம் என்று வாசல் வாசலாக ஏறி விளம்பரம் வாங்கி வருபவரும் அவரேதான். அப்படி ஒரு நாள், நான் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வந்தார். அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் வணக்கம் சொன்ன மாத்திரத்தில் குரல் தெரிந்துவிட்டது. பொங்கல் நாட்களில் சேப்பாக்கத்து டெஸ்ட் ஆட்டத்தை அகில இந்திய வானொலியில் அப்துல் ஜப்பார் வர்ணிக்கக் கேட்டே கிரிக்கெட்டைக் கற்றுக்கொண்ட தலைமுறை எங்களுடையது. காட்சி இல்லாமல் ஆட்டம் பார்க்கும் பழக்கம் காதில் ஊறிப்போயிருந்தது. அதனால்தான், விதிகள் பாதிகூடப் புரியாத நாட்களிலேயே இவருடைய வர்ணனையைக் காரில் கேட்டு வந்தேன். சில ஆட்டங்களில் ஸ்கோர் என்னவென்றே நெடுநேரம் தெரிவதில்லை என்று அவரிடமே குறை சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பேஸ்பால் வர்ணனையின் முன்னோடிகளில் ஒருவரான ரெட் பார்பர், ஸ்கோரைச் சொல்ல மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே முட்டை வேகவைக்கும்போது வைக்கும் 3 நிமிட மணற்கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு பேசினார் என்ற கதையைச் சொல்லிவிட்டு, "நீங்கள் வந்து எனக்கு மணற்கடிகாரமாக இருங்கள்" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை போனேன்.

பலகை என்று நாங்கள் சொல்வது உண்மையில் ஒரு தடித்த அட்டை. ஒரு பக்கம் எங்கள் அணி, மறு பக்கம் எதிரணி. தாக்கும் பதினொருவர் களத்தில் எப்படி நிற்பார்களோ அப்படியே கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் எண், பெயர், எந்த வகுப்பு, உயரம், எடை, அவருக்கு அடுத்து இறங்கக்கூடிய மாற்று வீரர் ஆகியவற்றைப் பொடி எழுத்தில் நிரப்புவோம். தடுக்கும் பதினொருவருக்கு வேறு நிற மை. பயிற்சியாளர் தரும் பட்டியலில் அறுபது, எழுபது பேர் இருப்பார்கள். அதில் எண் தவறாக அச்சானவை இரண்டாவது இருக்கும். இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. மற்ற மாநிலங்கள் பள்ளிகளுக்கென்று வகுத்த தேசிய விதிகளைப் பின்பற்ற, டெக்சாஸ் மட்டும் கல்லூரி விதிகளைச் சிறிது மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறது. அவ்விதிகளின்படி ஓர் அணியில் இருவர் ஒரே எண்ணை அணியலாம், ஒரே நேரத்தில் இருவரும் களத்தில் இறங்காதவரை.

என் மூன்றாவது பருவத்தில் இந்த விதிதான் என்னைக் கவிழ்த்தது. எங்கள் அணியில் ஏழாம் எண் சட்டை இருவருக்கு இருந்தது: ஒருவர் பந்தை வீசும் குவார்ட்டர்பேக், பத்திரிகையில் படம் வரும் பையன், மற்றவர் தடுப்பணியின் கடைசி வரிசையில் மாற்று வீரராக இருந்த இரண்டாம் ஆண்டு மாணவர். எதிரணி உதைத்த பந்தை ஏழாம் எண் பிடித்து எண்பது யார்டுக்கு மேல் ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து டச்டவுன் போட்டபோது, என் விரல் பழக்கதோஷத்தில் குவார்ட்டர்பேக்கின் கட்டத்துக்குப் போய்விட்டது. ஓட்டத்தின் ஒவ்வொரு பத்து யார்டுக்கும் குரலை ஒரு படி உயர்த்திக்கொண்டே போய், பிசகில்லாத அழகோடு தவறான பெயரை ஊருக்கு அறிவித்தார் அவர். இடைவேளையில் நிலையத்துக்குத் தொலைபேசி வந்தது. அந்த மாற்று வீரரின் பாட்டி, முதியோர் இல்லத்தில் வானொலியை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், "ஓடியது என் பேரன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். மூன்றாம் கால்பகுதி தொடங்குமுன் வர்ணனையாளர் அந்த ஓட்டத்தை முழுவதுமாக, சரியான பெயரோடு, முதலிலிருந்து மறுபடி வர்ணித்தார். தவறு தன்னுடையது என்றார். விரல் என்னுடையது என்று சொல்லவில்லை. அந்தப் பையன் அதற்குப் பிறகு டச்டவுன் எதுவும் போடவில்லை. இப்போது உள்ளூரில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறார். எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார்.

பெயர் விஷயத்தில் இந்த மனிதர் காட்டும் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் கல்லூரியில் ஆடப் போவதில்லை. தங்கள் பெயர் ஒலிபெருக்கியிலும் வானொலியிலும் கேட்பது அவர்களுக்கு வாழ்நாளில் இந்த இரண்டு மூன்று ஆண்டுகள்தான். அதைக் குதறிச் சொல்வதை அவர் திருட்டுக்குச் சமமாகக் கருதுகிறார். ஆனால் எதிரணிப் பையனின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு அந்த ஊர் வர்ணனையாளரைத்தான் கேட்க வேண்டும். புதன்கிழமை மதியம் இரு ஊர் வர்ணனையாளர்களும் தொலைபேசியில் பேசிப் பெயர்களைக் கைமாற்றிக்கொள்வது இங்கே எழுதாத ஒப்பந்தம். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு ஒருவர் தோல்வியை மற்றவர் விரும்பப் போகிறவர்கள், புதன்கிழமை ஒருவருக்கொருவர் அசை பிரித்துப் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். கூடவே யாருக்கு முட்டி வலி, எந்தப் பயிற்சியாளரின் வேலை ஆட்டம் காண்கிறது, எந்த ஊர் அரங்கில் கழிவறை பூட்டிக் கிடக்கிறது என்பதும் பரிமாறப்படும்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர், இன்னும் மேற்கே தள்ளி ஆறு பேர் ஆட்டத்தை வர்ணிப்பவர். பதினொருவரைத் திரட்ட மாணவர் போதாத பள்ளிகளுக்காக நெப்ராஸ்காவில் 1934-ல் தோன்றிய வடிவம் அது. களம் 100 யார்டுக்குப் பதில் 80. பந்தைத் தொடர்ந்து வைத்துக்கொண்டு அடுத்த நான்கு வாய்ப்புகளைப் பெற 10 யார்டு அல்ல, 15 யார்டு கடக்க வேண்டும். ஆறு பேரில் யாரும் பந்தைப் பிடிக்கலாம். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் போடும் ஃபீல்ட் கோலுக்கு 3 அல்ல, 4 புள்ளி. இரண்டாம் பாதியில் 45 புள்ளி வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார்கள். 70-க்கு 60 என்பதெல்லாம் அங்கே சாதாரணம். பலகையில் ஆறே கட்டங்கள் என்று நாங்கள் பொறாமைப்படுவோம். ஆனால் தண்ணீர் குடிக்க இடைவெளி இல்லாமல் டச்டவுன் விழுந்துகொண்டே இருப்பதால் அவர் குரல் அக்டோபரிலேயே கட்டிவிடுகிறது.

தொலைக்காட்சிக்காரர்கள் தனிச் சாதி. அமெரிக்கா தொலைக்காட்சிக்கென 210 சந்தைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கல்லூரி முடித்த விளையாட்டுச் செய்தியாளர் பட்டியலின் அடிப்பகுதியில் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் மேலே தாவுவார். எங்கள் பகுதிக்கு வருபவர்கள் கேமராவைத் தாங்களே தூக்கி, தாங்களே படம்பிடித்து, தாங்களே வெட்டி ஒட்டி, பத்து மணிச் செய்தியில் தாங்களே தோன்றுபவர்கள். வெள்ளிக்கிழமை நான்கு ஊர் ஆட்டங்களுக்கு ஓட வேண்டியிருப்பதால், எங்கள் அரங்கில் ஒரு டச்டவுன் விழுந்ததும் காரைக் கிளப்பிவிடுவார்கள். ஒன்பதரை மணிக்கு அவர்களுடைய செய்தி என் தொலைபேசியில் வரும்: முடிவு என்ன, யார் எத்தனை யார்டு. விளம்பர இடைவேளையில் பதில் அனுப்புவது என் பொறுப்பு. போட்டி ஊடகத்துக்கு ஏன் இலவசமாகச் சொல்ல வேண்டும் என்று தொடக்கத்தில் எங்கள் வர்ணனையாளரிடம் கேட்டேன். "அந்தப் பெண் நாளை ஹூஸ்டனில் இருப்பாள். தோற்றால் வெளியேறும் பிளேஆஃப் சுற்றில் ஹூஸ்டனிலிருந்து ஓர் அணி வந்தால் பெயர்களை யாரிடம் கேட்பது?" என்றார். அப்படி இந்த ஊர் வழியாகப் போனவர்களின் இன்றைய நகரங்களை அவர் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லோரையும் அழைத்துப் பேசிவிடுவார். சிலர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார்கள், அவர்களையும்தான். முன்பெல்லாம் செய்தியாளர் மாடத்தில் மூன்று செய்தித்தாள்களின் நிருபர்கள் உட்கார்ந்திருப்பார்களாம். இப்போது ஒரு நாற்காலிதான் நிரம்புகிறது, அதுவும் எல்லா வாரமும் அல்ல.

இந்தக் காலத்திலும் வானொலி எப்படிப் பிழைத்திருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம் உண்டு. ஒளிபரப்பு உரிமையைத் தொழில்முறை லீக்குகள் மொத்தமாக விற்க வழிசெய்த 1961-ஆம் ஆண்டுச் சட்டமே, செப்டம்பர் இரண்டாம் வெள்ளி முதல் டிசம்பர் இரண்டாம் சனி வரை, வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பிறகும் சனிக்கிழமைகளிலும் அவர்கள் கல்லூரி ஆட்டங்களோடு மோதாமல் இருக்க வேலி போட்டது. 1966-ல் பள்ளி ஆட்டங்களும் அந்த வேலிக்குள் வந்தன. ஒளிபரப்பும் நிலையத்திலிருந்து 75 மைல் தொலைவுக்குள் அத்தகைய ஆட்டம் நடந்தால் அந்தச் சலுகை செல்லாது. டெக்சாஸ் பள்ளி ஆட்டங்களை நடத்தும் யூஐஎல் அமைப்போ, அரங்கில் டிக்கெட் விற்பனை குறையும் என்று அஞ்சி, வெள்ளிக்கிழமை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டுவதை நெடுங்காலம் தடுத்தே வைத்திருந்து, 2020-ல் தொற்றுக்காலத்தில்தான் தளர்த்தியது. அதுவரை அரங்குக்கு வராதவர்களுக்கு இவர் குரலைத் தவிர வேறு கதி இருக்கவில்லை. இப்போது இணையத்தில் படம் வருகிறது. ஆனாலும் படத்தின் ஒலியை அடைத்துவிட்டு வானொலியைப் போட்டுக்கொள்பவர்கள் ஊரில் நிறைய. படம் சில நொடிகள் பின்தங்கி வருவதால், டச்டவுனை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பார்க்கிறார்கள்.

சக வர்ணனையாளர்கள் எதற்கு என்பதை நான் கண்ணால் பார்த்தது ஒரு மின்னல் இரவில். மின்னல் தென்பட்டால் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் கழிந்த பின்னரே தொடங்கலாம். நடுவில் ஒன்று வெட்டினால் கடிகாரம் மறுபடி 30-லிருந்து ஓடும். அன்று இரண்டாம் கால்பகுதியில் நின்ற ஆட்டம் இரண்டு மணி நேரம் நகரவில்லை. கையில் இருந்த புள்ளிவிவரம், விளம்பரம், வானிலை எல்லாம் முதல் அரை மணியில் தீர்ந்துவிட்டன. அப்போது அவர் தொலைபேசியை ஒலிவாங்கிக்கு முன்னால் வைத்து ஒவ்வொருவராக அழைத்தார். அதே புயலில் நனைந்துகொண்டிருந்த பக்கத்து ஊர்க்காரர், வானம் தெளிந்த ஊர்க்காரர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்து போய் அன்று விடுப்பில் வீட்டில் இருந்த தொலைக்காட்சிக்காரர் என்று எல்லோரும் வந்தார்கள். ஆறு பேர் ஆட்டத்துக்காரர் தன் ஆட்டம் 45 புள்ளி விதியால் சீக்கிரம் முடிந்துவிட்ட மகிழ்ச்சியில், காரை ஓரங்கட்டிவிட்டு இருபது நிமிடம் பேசினார். மொட்டை மாடம் ஒன்றில் மழைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு மாவட்டம் முழுவதையும் நான் அன்று கேட்டேன்.

சென்ற பருவத்தில் எனக்கும் ஒரு புதன்கிழமைப் பாடம் நடத்தக் கிடைத்தது. பக்கத்து ஊர் அணியில் டோங்கா வம்சாவளி மாணவர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். டாலஸ் விமான நிலையத்தை ஒட்டிய யூலெஸ் நகரில் டோங்கா மக்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். அங்குள்ள டிரினிட்டி பள்ளி அணி ஆட்டத்துக்கு முன் ஆடும் போர்நடனமும், 2005, 2007, 2009-ல் வென்ற மாநிலப் பட்டங்களும் இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்தப் பையனின் குடும்பப் பெயர் 'ங'வில் தொடங்கியது. வியட்நாமியப் பெயரான ஙுயென்னைப் பல ஆண்டுகளாக 'வின்' என்றே சொல்லிச் சமாளித்து வந்த எங்கள் வர்ணனையாளருக்கு, சொல்லின் முதலில் அந்த ஒலி வருவது பிடிபடவே இல்லை. அந்த எழுத்துக்கு எங்கள் மொழியில் தனி வடிவமே இருக்கிறது, ஔவையார் குழந்தைகளுக்கு 'ஙப்போல் வளை' என்று அதை வைத்தே பாடம் சொன்னார் என்றேன். ஆங்கிலத்தில் 'சிங்கர்' என்று சொல்லச் செய்து, முன்பாதியை விழுங்க வைத்து, கால் மணி நேரத்தில் ஒலியைப் பிடிக்கவைத்தேன். நினைவுக்காகப் பலகையில் அந்தப் பையனின் கட்டத்துக்கு மேல் சிவப்பு மையில் 'ங' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அதைப் பார்த்துத் தானும் ஒன்று வரைந்தார்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெயரைப் பதினொரு முறை சொன்னார். இரண்டு முறைதான் தடுக்கியது. அதற்கடுத்த வாரம் அந்த அணியோடு மோதவிருந்த ஊரின் வர்ணனையாளருக்கு உதவட்டும் என்று, தான் வரைந்ததைப் படமெடுத்து அனுப்பினார். பர்கர் வருவதற்குள் பதில் வந்துவிட்டது: "இந்த மடக்கு நாற்காலி எதற்கு?"