புகார்தாரர் இல்லாத ஊழல்

நகராட்சி ஊழலை ஆராய வருகிறவர்கள் பெரும்பாலும் லஞ்ச ஒழிப்புத் துறையின் கைதுச் செய்திகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பெயர் மாற்றத்துக்குப் பணம் கேட்ட பில் கலெக்டர், கட்டட அனுமதிக்குப் பணம் கேட்ட நகரமைப்பு ஆய்வாளர் என்று ஆளும் தொகையும் உடனே கைக்குக் கிடைத்துவிடும். சில ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தால் ஒன்று பிடிபடும். லஞ்சம் வாங்கும்போதே பிடிக்க அத்துறை வைக்கும் பொறியில் சிக்குவது, கொடுக்க மனமில்லாத ஒருவரிடம் கைநீட்டிய ஊழல் மட்டும்தான். ஒப்பந்தக்காரரும் அலுவலகமும் பங்கு போட்டுக்கொள்கிற ரோட்டுப் பணியில் புகார் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். இருவருக்கும் லாபம், நட்டம் தெருவுக்கு. அங்கே சாட்சி சொல்ல காகிதத்தை விட்டால் வேறு ஆளில்லை.

பொறி வைப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்த வித்தியாசம் விளங்கும். எழுத்தில் புகார் வாங்கி முதல் தகவல் அறிக்கை பதிவார்கள். வேறு துறை அரசு ஊழியர் இருவரைச் சாட்சிகளாக அழைப்பார்கள். நோட்டு எண்களை மகஜரில், அதாவது சாட்சிகள் முன் எழுதும் பதிவில், குறித்துக்கொண்டு, நோட்டுகளில் பினாப்தலீன் பொடி தடவுவார்கள். வாங்கியவரின் விரல்களை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். அதைப் பாட்டிலில் அடைத்து சீல் வைத்துத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நிறம் மாறியது மட்டும் போதாது, அவர் பணம் கேட்டார் என்பதும் நிரூபணமாக வேண்டும். பல வழக்குகள் இந்த இடத்தில்தான் சரிகின்றன. புகார்தாரர் நீதிமன்றத்தில் பிறழ்ந்தாலும் மற்றச் சாட்சியங்களாலும் சூழ்நிலைகளாலும் கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. ஆகவே தீர்ப்புகளைப் படிக்கும்போது உடன் சென்ற சாட்சி அறைக்குள் போனாரா, வாசலிலேயே நின்றுவிட்டாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ரோட்டுக் கோப்பில் இந்தப் பொடியும் கரைசலும் கிடையாது. அங்கே இருப்பது எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம். பக்க எண் அச்சிட்ட புத்தகம் அது. தாளைக் கிழிக்கக் கூடாது, எழுதியதைச் சுரண்டித் திருத்தக் கூடாது. தவறானால் கோடிட்டு அடித்துச் சுருக்கொப்பம் இட வேண்டும். இளநிலைப் பொறியாளரோ உதவிப் பொறியாளரோ அளந்து எழுதுவார், மேலே உள்ளவர் சரிபார்த்து ஒப்பமிடுவார். பில் தொகை முழுவதும் இந்தப் பக்கத்திலிருந்துதான் பிறக்கிறது.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நீளம் 200 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், தார்க்கலவையின் கனம் 30 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறது. பெருக்கினால் 21 கனமீட்டர். இறுகிய தார்க்கலவை ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2.3 டன் என்று கொண்டால் 48 டன் வரும். பத்து டன் லாரியில் ஐந்து நடை. தெருவில் போட்டது 20 மில்லிமீட்டர்தான் என்றால் 14 கனமீட்டர், 32 டன், மூன்று நடையும் கொஞ்சமும். நீளமும் அகலமும் பார்த்தாலே தெரியும் என்பதால் அவற்றில் யாரும் கைவைப்பதில்லை. கனம்தான் திருடப்படும். பத்து மில்லிமீட்டர் என்பது கட்டை விரல் நகத்தின் அகலம்கூட இல்லை. பொருளில் மூன்றில் ஒரு பங்கு அதற்குள் போய்விடுகிறது.

இதைக் கோப்புக்குள்ளேயே பிடிக்க வழி உண்டு. கலவை ஆலையின் நடைச்சீட்டு, எடைமேடை ரசீது, தார் வாங்கிய இன்வாய்ஸ் மூன்றையும் கேட்க வேண்டும். கலவையில் தார் சுமார் 5 விழுக்காடு என்றால் 48 டன்னுக்கு 2.4 டன் தார் வந்திருக்க வேண்டும். ஒரே இன்வாய்ஸின் நகல் இன்னொரு வார்டின் பில்லிலும் ஒட்டியிருக்கிறதா என்று எண்ணை வைத்துத் தேடுங்கள். லாரி எண்களைப் போக்குவரத்துத் துறையின் பதிவோடு பொருத்துங்கள். 1996-ல் வெடித்த பீகார் மாட்டுத்தீவன ஊழலில் சரக்கு ஏற்றிய வண்டிகளாகக் காட்டியவற்றில் ஸ்கூட்டர்களும் இருந்தன. பழைய உத்திதான், இன்றும் ஓய்ந்துவிடவில்லை. எம்-புக்கில் தார் போட்டதாக உள்ள தேதியை வானிலைத் துறையின் மழை அளவோடு ஒப்பிடுவது நல்ல பழக்கம். ஐப்பசி அடைமழை கொட்டிய நாளில் சூட்டுக்கலவை பரப்பியதாக எழுதியிருந்தால், அந்தப் பக்கம் தெருவில் நின்று எழுதியதல்ல. நிதியாண்டு முடியும் மார்ச் கடைசி வாரத்தில் ஒரே மையில், ஒரே கையில், வரிசையாகப் பத்துப் பணிகள் ஏறியிருந்தாலும் அப்படித்தான்.

ஒப்பந்தப்புள்ளிகளில் பார்க்க வேண்டியது வேறு. போட்டியிட்டவர்களின் வைப்புத்தொகை டிடிக்கள் ஒரே வங்கிக் கிளையில் அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டிருக்கின்றனவா? தோற்றவரின் விலை ஒவ்வொரு இனத்திலும் ஜெயித்தவரைவிட ஒரே விகிதத்தில் கூடியிருக்கிறதா? தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது. அதன் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்திருந்தால் உயர் அலுவலர் எழுத்தில் காரணம் பதிந்திருக்க வேண்டும். அந்தக் காரணத் தாளைக் கேளுங்கள். பல கோப்புகளில் அது இருக்காது.

துப்புரவுப் பணி ஒப்பந்தங்களுக்குத் தெரு அளவை தேவையில்லை. பில்லில் காட்டிய ஆள் எண்ணிக்கையை அதே மாத வருங்கால வைப்பு நிதிச் சலானோடு ஒப்பிட்டால் போதும்.

2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. தனி அலுவலர்களே மன்றத்தின் இடத்தில் இருந்தார்கள். அந்தக் கால மன்றத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு கேள்வியோ மறுப்போ ஆட்சேபமோ இருக்காது. அந்த ஆண்டுகளின் பணிகளுக்கு உள்ளாட்சி நிதித் தணிக்கை அறிக்கையைத்தான் நம்ப வேண்டும். 'தணிக்கைத் தடை' என்று அதில் வரும் பத்திகள், அதாவது தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபங்கள், வறண்ட மொழியில் இருந்தாலும் பொன்னானவை. எந்தத் தடை எந்தக் கூட்டமர்வில், என்ன விளக்கத்தின் பேரில் கைவிடப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கதை முழுமையாகும்.

தகவல் உரிமை மனுவில் 'ஏன்' என்ற சொல்லே வரக் கூடாது. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, மதிப்பீடு, ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, எம்-புக் பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை, பில் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேட்க வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஐந்து ஆண்டுப் பணிகளை ஒரே மனுவில் கேட்டால் அலுவலகத்தின் ஆளும் நேரமும் அளவுக்கு மீறிச் செலவாகும் என்று 7(9) பிரிவைக் காட்டித் தட்டிக்கழிப்பார்கள். ஒரு மனுவுக்கு ஒரு தெரு. சட்டத்தின் 2-ஆம் பிரிவு, பணியிடத்தைப் பார்வையிடவும் பொருளின் சான்றிட்ட மாதிரி பெறவும் உரிமை தருகிறது. இதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. நகலைவிட மாதிரிக்குத்தான் அலுவலகம் அஞ்சும்.

இவ்வளவையும் திரட்டி லஞ்ச ஒழிப்புத் துறையிடம் கொடுத்த பிறகு தாமதம் தொடங்குகிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்தில் வந்த 17ஏ பிரிவின்படி, அலுவலர் தம் பணியில் எடுத்த முடிவு அல்லது செய்த பரிந்துரை பற்றிய குற்றச்சாட்டு என்றால் விசாரிக்கவே முன் ஒப்புதல் வேண்டும். மூன்று மாதம், தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம். கையும் களவுமாகப் பிடிக்கும் பொறிக்கு இது தேவையில்லை. ஐயாயிரம் வாங்கியவர் அன்றைக்கே கைதாகிறார், ஐம்பது லட்ச ரோடு ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. சட்டம் நேர்மையான அலுவலரைக் காக்க எழுதப்பட்டது, அந்தத் தேவையும் உண்மையானதுதான். ஆனாலும் அது புகார்தாரர் இல்லாத ஊழலுக்குக் கதவடைப்பாகிவிடுகிறது. 2008-ல் தமிழக அரசு இத்துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்ததால், புகார் என்ன ஆயிற்று என்று கேட்டாலும் மறுப்பு வரும். ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவல் விலக்கில் அடங்காது என்று, விலக்குக்கு இடம் தரும் அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவின் காப்புரையே (நிபந்தனை வரியே) சொல்கிறது. மேல்முறையீட்டில் அந்த வரியை எடுத்து எழுத வேண்டும்.

நடவடிக்கை வந்தால் முதலில் தற்காலிகப் பணிநீக்கம் ஆகிறவர் எம்-புக்கில் ஒப்பமிட்ட இளநிலைப் பொறியாளர். பத்து மில்லிமீட்டரில் அவருக்குப் போனது மிகச் சிறிய பங்காக இருக்கலாம். ஆராய்ச்சி அவர் பெயரோடு நின்றுவிடக் கூடாது. சரிபார்ப்பு ஒப்பமும் பில் ஒப்பமும் எந்தத் தேதியில் விழுந்தன என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று ஒப்பமும் ஒரே நாளில் விழுந்திருந்தால் மேலே இருந்தவரும் தெருவுக்கு வரவில்லை.

நேரமும் முக்கியம். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதம் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். வாசற்படி தாழ்ந்து மழைநீர் வீட்டுக்குள் வருவதைத் தடுக்கும் நல்ல உத்தரவு. ஆனால் சுரண்டும் எந்திரம் பழைய தாரோடு அதன் கனத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். கோர், அதாவது கனத்தை அளக்க ரோட்டைத் துளைத்து எடுக்கும் உருளை மாதிரி, எடுக்கக் கேட்கும் மனு அதற்கு முன்பே ஆணையர் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.